தேரோட்டி மகனும் தேவர்கோன் மகனும்: கர்ணன் – அருச்சுனன் பகையும் அதன் மறுகூறல்களும்

மகாபாரதத்துக்குள் பகைகள் பல அடுக்குகளாக ஓடுகின்றன. பீமனுக்கும் துரியோதனனுக்கும் இடையே சிறுவயது முதல் புகைந்த காழ்ப்பு, பழைய நட்பு முறிந்தபின் துரோணரும் துருபதனும் வளர்த்துக்கொண்ட வன்மம், பிறவி கடந்தும் சிகண்டி பீஷ்மர்மீது சுமந்த சினம் என ஒவ்வொன்றும் தனிக் காவியத்துக்குரிய கனம் உடையது. ஆயினும் இந்திய மொழிகளின் புலவர்களும் கூத்தர்களும் நாவலாசிரியர்களும் திரைக்கலைஞர்களும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஓயாமல் நாடி வந்திருப்பது கர்ணனுக்கும் அருச்சுனனுக்கும் இடையிலான பகையையே. எவன் சிறந்த வில்லாளி என்ற வினாவாகத் தொடங்கும் இப்பகை, ஓர் ஆணின் மதிப்பை உறுதிசெய்வது பிறப்பா செயலா என்ற வினாவாக உடனே உருமாறிவிடுகிறது; அதனாலேயே பிறப்பின் பெயரால் மனிதரைத் தரம் பிரித்த ஒரு சமூகம் இக்கதையை விட்டு விலக முடியாமல் இருந்திருக்கிறது. மறுகூறல்களில் பெரும்பாலானவை கர்ணன் பக்கம் சாய்ந்தன. அந்தச் சாய்வுக்கு நியாயம் உண்டு. ஆனால் அந்த நியாயத்தை நிலைநாட்டும் முயற்சியில், சூதாட்ட மண்டபத்தில் அவன் திரௌபதியைக் குறித்துப் பேசிய பேச்சை அவற்றுள் பல ஓரங்கட்டின. ஒரு மறுகூறல் அந்த மண்டபத்தை என்ன செய்கிறது என்பதே அதன் வீரக் கருத்தை உரசிப் பார்க்கும் உரைகல் என்ற நிலையிலிருந்து இக்கட்டுரை அம்மரபை நோக்குகிறது.

பகையின் பிறப்பிடம் ஆதி பருவத்தில் வரும் அரங்கேற்றக் களம். துரோணரிடம் பயின்ற இளவரசர்கள் தம் படைக்கலப் பயிற்சியை ஊரார் முன் காட்டுகிறார்கள். அருச்சுனன் எல்லோரையும் வியக்கவைத்து முடிக்கும் தறுவாயில் கர்ணன் உள்ளே நுழைந்து, அவன் செய்த அத்தனையையும் தானும் செய்து காட்டி, தனிப்போருக்கு அழைக்கிறான். கிருபர் அவனுடைய குலத்தையும் பெற்றோரையும் கேட்கிறார்; கர்ணன் தலை கவிழ்கிறது. துரியோதனன் அந்த நொடியிலேயே அவனை அங்க நாட்டுக்கு அரசனாக முடிசூட்டுகிறான். அப்போதுதான், மேலாடை நழுவ, வியர்வை வழிய, கோலை ஊன்றியபடி நடுங்கிக்கொண்டு தேரோட்டி அதிரதன் களத்துக்குள் வருகிறான். கர்ணன் வில்லைக் கீழே வைத்துவிட்டு, முடிசூட்டு நீர் இன்னும் உலராத தலையை அந்த முதியவனின் காலடியில் தாழ்த்துகிறான். அதிரதன் அந்தத் தலையைத் தன் கண்ணீரால் மீண்டும் நனைக்கிறான். பீமன் சிரித்தபடி, உன் குலத்துக்கு ஏற்றது சாட்டைதான், அதை எடுத்துக்கொள் என்று ஏளனம் செய்கிறான். மேலே மகளிர் மாடத்தில், அவனைப் பெற்றுக் கைவிட்டவளும் அருச்சுனனின் தாயுமான குந்தி மயங்கி விழுகிறாள். சூரியன் மறைவதால் போட்டி முடிவின்றிக் கலைகிறது. எந்த மறுகூறலும் விட்டுவிட முடியாத இக்காட்சியில் ஒரே ஈரத்தலைமீது இரண்டு பட்டங்கள் விழுகின்றன: நண்பன் தந்த அரசுரிமை ஒன்று, வளர்ப்புத் தந்தை தந்த மகனுரிமை மற்றொன்று. முதலாவதை உலகம் ஏற்கவில்லை. இரண்டாவதை அவன் சாகும்வரை மறுக்கவில்லை.

சூதர் என்போர் அரசர்க்குத் தேரோட்டியும் அவர்தம் புகழைப் பாடியும் வாழ்ந்த மக்கள். தர்ம நூல்கள் அவர்களைக் கலப்புமணத்தில் பிறந்தோர் என வகைப்படுத்தி, க்ஷத்திரியருக்குக் கீழே வைத்தன. இங்கு மறக்கத்தகாத செய்தி ஒன்று உண்டு. நைமிச வனத்து முனிவர்களுக்கு மகாபாரதத்தைச் சொல்பவரே லோமஹர்ஷணரின் மகனான உக்கிரசிரவஸ் என்னும் சூதர். போர்க்களத்தைத் திருதராட்டிரனுக்குக் கண்முன் நிறுத்தும் சஞ்சயனும் சூதனே. சூதனுக்கு வில் எதற்கு என்று கேட்கும் காவியம் சூதரின் நாவில்தான் வாழ்ந்தது. கர்ணனின் புண்ணை அந்நூல் அவ்வளவு நெருக்கமாக அறிந்திருப்பதற்கு இது காரணமாக இருந்திருக்கலாம் என்று எண்ண இடமுண்டு.

அரங்கேற்றக் களத்துக்குப் பின் கர்ணனின் வாழ்வு முழுவதும் பிற ஆண்களிடமிருந்து ஒப்புதல் பெறும் போராட்டமாகவே நடக்கிறது. பரசுராமரிடம் அந்தணன் எனப் பொய் சொல்லி வித்தை கற்கையில், குருவின் தலை மடியில் இருக்க, தொடையைத் துளைக்கும் வண்டின் கடியை அசையாமல் பொறுக்கிறான். குருதி பட்டு விழித்த பரசுராமர், இத்தகைய வலியைத் தாங்குபவன் அந்தணனாக இருக்க முடியாது என்று உணர்ந்து சபிக்கிறார். வலியைத் தாங்குவதே வீரனின் அடையாளம் என்ற விதிக்கு அவன் பணிந்தான். அந்தப் பணிவே அவனைக் காட்டிக்கொடுத்தது. போர் தொடங்குமுன் வீரர்களைத் தரம் பிரிக்கும் பீஷ்மர் அவனை முழுத்தேர் வீரனாகக்கூட ஏற்காமல் அரைத்தேர் வீரன் என்று ஒதுக்குகிறார். பீஷ்மர் வீழும்வரை களமிறங்க மாட்டேன் என்று கர்ணன் ஒதுங்கி நிற்கிறான். ஒப்புதல் தந்த ஒரே ஆண் துரியோதனன். ஆகவே அந்த நட்பு அன்பாகவும் கடனாகவும் ஒருங்கே இருந்தது. கடன்பட்டவனின் விசுவாசம் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதைச் சபா பருவம் காட்டுகிறது.

சூதாட்ட மண்டபத்தில், தன்னையே தோற்றவன் மனைவியைப் பணயம் வைக்க முடியுமா என்று திரௌபதி எழுப்பிய சட்ட வினாவுக்கு மூத்தோர் எவரும் விடை சொல்லாதபோது, துரியோதனனின் தம்பியருள் ஒருவனான விகர்ணன் எழுந்து, அவளை வென்றது செல்லாது என்கிறான். அவனை அடக்கப் பேசுபவன் கர்ணன். ஐவரை மணந்தவளை நெறிதவறியவள் என்று இகழ்ந்து, பாண்டவர்களின் ஆடைகளோடு அவளுடைய ஆடையையும் களையுமாறு துச்சாதனனை ஏவுபவனும் அவனே. இந்தக் கொடுமைக்குப் பிற்கால மரபு ஒரு காரணத்தைத் தேடிக் கொடுத்தது: சுயம்வரத்தில் கர்ணன் வில்லை எடுத்தபோது, சூதனை மணக்க மாட்டேன் என்று திரௌபதி அவையில் மறுத்தாள் என்பது அது. புனேயின் பண்டார்கர் கீழைத்தேய ஆய்வு நிறுவனம் 1919-இல் தொடங்கி 1966-இல் முடித்த செம்பதிப்பு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுவடிகளை ஒப்பிட்டபின், இந்த மறுப்பை மூலப் பாடத்தில் ஏற்கவில்லை. அது பாடவேறுபாடாக அடிக்குறிப்புக்குப் போயிற்று. ஆணின் வன்மத்துக்கு ஒரு பெண்ணின் சொல்லை முதற்காரணமாக்கும் இந்த இடைச்செருகல் இன்றைக்கும் நாவல்களிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் மையக் காட்சியாக இருப்பது கவலைக்குரியது. அதைவிடக் கூர்மையான வேறொரு செய்தி சாந்தி பருவத்தில் இருக்கிறது. போருக்குப் பின் தருமன் நினைவுகூர்கிறான்: அதே மண்டபத்தில் கர்ணனின் சுடுசொற்களைக் கேட்டுச் சினம் மூண்டபோதெல்லாம், அவனுடைய பாதங்களின்மேல் கண் பட்டதும், அவை குந்தியின் பாதங்களைப் போலிருக்கக் கண்டு, சினம் தானே அடங்கியதாம். இழிவுபடுத்துபவன் அண்ணன் என்பதை உடல் அறிந்திருந்தது. குலம் கேட்ட உலகம் அறியவில்லை.

எதிர்ப்பக்கத்தில் நிற்கும் அருச்சுனனை மறுகூறல்கள் பெரும்பாலும் அதிருஷ்டசாலி இளவரசனாகச் சுருக்கிவிட்டன. வியாசரின் அருச்சுனனோ அதைவிடப் பல மடங்கு சிக்கலானவன். விராட நகரத்தில் ஓராண்டு அவன் பிருகன்னளை என்னும் பேடியாக, நாண் உரசிய தழும்புகளை வளையல்களுக்குள் மறைத்து, உத்தரைக்கு நடனம் கற்பிக்கிறான். அந்தக் கோலத்திலிருந்து அப்படியே தேரேறி, கர்ணன் உள்ளிட்ட கௌரவப் படை முழுவதையும் தனியாக வென்று திரும்புகிறான். பெரும்போரின் வாயிலில் வில் நழுவ, தோல் எரிய, நிற்கவும் இயலாமல் தேர்த்தட்டில் அமர்பவனும் அவனே. பதினேழாம் நாள், கர்ணனிடம் புண்பட்டுப் பாசறைக்குத் திரும்பிய தருமன், கர்ணனை இன்னும் கொல்லாத தம்பியைக் கோழை என்று திட்டி, காண்டீவத்தை வேறொருவனிடம் கொடுத்துவிடு என்கிறான். அப்படிச் சொல்பவனைக் கொல்வேன் என்று முன்னொரு காலத்தில் ரகசியமாகச் சூளுரைத்திருந்த அருச்சுனன் அண்ணன்மீதே வாளை உருவுகிறான். கிருஷ்ணன் தலையிட்டு, மூத்தவரை ஒருமையில் அவமதிப்பதே அவரைக் கொல்வதற்குச் சமம் என்று வழிகாட்டுகிறான். அவமதித்த குற்றத்துக்காகத் தன்னையே கொல்ல முனையும் அருச்சுனனுக்குத் தற்புகழ்ச்சியே தற்கொலை என்று இன்னொரு வழியும் சொல்கிறான். ஆண்மை பற்றிய சூளுரைகள் ஒரு குடும்பத்தை எந்த விளிம்புவரை இழுத்துச் செல்லும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான பகுதி இதிகாசத்தில் வேறு இல்லை. ஆனாலும் மேடையோ திரையோ இதைத் தொடுவது அரிது.

அன்றைக்கே கர்ணனின் தேர்ச்சக்கரம் மண்ணில் புதைகிறது. அறப்போர் விதிகளைச் சொல்லி அவகாசம் கேட்கும் அவனிடம், மண்டபத்தில் திரௌபதியும் களத்தில் அபிமன்யுவும் பட்டபோது உன் அறம் எங்கே போயிற்று என்று கிருஷ்ணன் ஒவ்வொன்றாகக் கேட்கிறான். கர்ணன் நாணித் தலைகுனிகிறான் என்று மூலம் சொல்கிறது. அருச்சுனன் எய்த அம்பும் நேர்மையானதன்று. பிறவிக் கவசம் இந்திரனால் பறிக்கப்பட்டு, சக்தி ஆயுதம் கடோத்கசன்மேல் செலவாகி, சாபத்தால் வித்தை மறந்து நிற்கும் ஒருவனை வென்றதில் யாருடைய மேன்மை நிறுவப்பட்டது? பெரும்போரில் சமமான களத்தில் இருவரும் ஒருபோதும் மோதவில்லை. பகையின் மூல வினாவுக்கு விடை கிடைக்கவே இல்லை. மறுகூறல்கள் பிறப்பதற்கான இடைவெளி இதுதான்.

அந்த இடைவெளியில் முதலில் நுழைந்தவை வடமொழி நாடகங்கள். பாசர் இயற்றியதாகக் கருதப்படும் ‘கர்ணபாரம்’ ஓரங்க நாடகம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவனந்தபுரத்தில் கணபதி சாஸ்திரி பதிப்பித்த நாடகத் தொகுதியில் இதுவும் ஒன்று. வன பருவத்தில் நடக்கும் கவச தானத்தை இது போர் நாளுக்கே நகர்த்தி, களம் நோக்கிச் செல்லும் வழியில் இந்திரனை அந்தணனாக வரவிடுகிறது. ஏமாந்துவிட்டாய் என்று அவன் தேரைச் செலுத்தும் சல்லியன் சொல்ல, ஏமாந்தவன் இந்திரனே என்று கர்ணன் மறுக்கிறான். அவன் சாவதற்கு முன்பே, தேரை அருச்சுனன் இருக்கும் இடத்துக்கு விடச் சொல்வதோடு நாடகம் முடிகிறது. இதில் பெண் பாத்திரமே கிடையாது. கொடுப்பவன், பெறுபவன், பார்ப்பவன் என்று ஆண்களுக்குள்ளேயே வீரம் அளக்கப்படுகிறது. கி.பி. 941 வாக்கில் கன்னடத்தில் பம்பன் இயற்றிய ‘விக்கிரமார்ச்சுன விஜயம்’ வேறு வகைச் சிக்கல் உடையது. வேமுலவாடச் சாளுக்கிய மன்னன் இரண்டாம் அரிகேசரியை அருச்சுனனாகவே உருவகித்துப் பாடிய பம்பன், திரௌபதியை அருச்சுனன் ஒருவனுக்கே மனைவியாக்கி நாயகனை உயர்த்துகிறான். ஆயினும் பாரதத்தில் ஒருவனை மட்டும் நினைப்பதானால் கர்ணனை நினையுங்கள் என்று அதே காவியத்தில் பாடவும் செய்கிறான். புரவலனின் பெயரைச் சுமந்த வீரனைவிட எதிரியே புலவனின் நெஞ்சைக் கவர்ந்ததை இந்த நேர்மை வெளிப்படுத்துகிறது.

தமிழில் நிகழ்ந்த மாற்றம் இவற்றினும் ஆழமானது. வடமொழி அணிநூலார் வீரச்சுவையைப் போர்வீரம், தானவீரம், தயைவீரம் என்று பகுத்தனர். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலோ கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை ஆகிய நான்கையும் பெருமிதத்தின் நிலைக்களன்களாக ஒரே வரிசையில் வைத்தது. கடையெழு வள்ளல்களைப் பாடிய மண்ணில், கொடுப்பவனே வீரன் என்பதற்குத் தனி நிறுவல் தேவைப்படவில்லை. வில்லிபுத்தூரார் தம் பாரதத்தில் கர்ணனின் இறுதியை இந்த மரபின் உச்சமாக ஆக்கினார். களத்தில் சாய்ந்து கிடப்பவனிடம் கண்ணன் முதிய அந்தணனாக வந்து யாசிக்கிறான். கொடுக்க வேறொன்றும் இல்லாத கர்ணன் தான் செய்த புண்ணியம் அனைத்தையும் தன் குருதியையே தாரைநீராக வார்த்துத் தருகிறான். கேட்டோர்க்கு இல்லை என்னாத மனத்தை எப்பிறப்பிலும் வரமாகக் கேட்கிறான். பின்னர்க் குந்தி களத்துக்கு ஓடிவந்து மகனை மடிமீது கிடத்திப் பாலூட்டுகிறாள். வியாசரில் போர் முடிந்து கங்கைக்கரையில் நீர்க்கடன் செய்யும்போதுதான் அவள் பிறர் அறிய வாய் திறக்கிறாள். வில்லியோ தாய்மையின் அறிவிப்பை மகனின் சாவுக்கே கொண்டுவந்து சேர்க்கிறார். துரியோதனன் மனைவியோடு சொக்கட்டான் ஆடியபோது அறுந்த மணிகளைக் கண்டு ஐயுறாமல் கோத்துத் தரவா என்று நண்பன் கேட்ட செய்தியும் இந்நூலால் தமிழர் நினைவில் வேரூன்றியது. வெல்பவன் அருச்சுனன், உயர்பவன் கர்ணன் என்ற தீர்ப்பு இவ்வாறு எழுதப்பட்டது; ஆனால் கர்ணனின் வீரம் வில்லிலிருந்து கைக்கு இடம்பெயர்ந்தபோது, அவன் வாய் செய்த குற்றம் பார்வையிலிருந்து விலகியது.

அந்த விலகலைச் சரிசெய்தது, எதிர்பாராத வகையில், தெருக்கூத்து. வடதமிழ்நாட்டில் திரௌபதியம்மன் கோயில் விழாக்களையொட்டிப் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்துமாக இதிகாசம் முழுவதும் நாள்கணக்கில் நிகழ்த்தப்படுகிறது. செய்யாறு பகுதியின் புரிசை போன்ற ஊர்களில் தலைமுறை தலைமுறையாகக் கூத்தாடும் குடும்பங்கள் இருக்கின்றன. அவ்வரிசையில் ‘கர்ண மோட்சம்’ தனிச்சிறப்புடையது. கிரீடமும் புஜக்கட்டைகளும் தரித்த கர்ணன் திரைக்குப் பின்னிருந்து பாடி வெளிப்பட்டபின், கூத்தின் பெரும்பொழுதைப் போர்க்களம் எடுத்துக்கொள்வதில்லை. மனைவி பொன்னுருவியோடு நடக்கும் தர்க்கமே எடுத்துக்கொள்கிறது. கலிங்க வேந்தன் மகளான அவள், கணவன் தேரோட்டி மகன் என்பதால் அவனை மதியாதவள். பதினேழாம் நாள் போருக்கு விடைபெற வரும் அவன் தன் பிறப்பைச் சொன்னபின்பே அவளுடைய இகழ்ச்சி அழுகையாக மாறுகிறது. அவையில் கேட்கப்பட்ட குலக் கேள்வி படுக்கையறை வாசலிலும் கேட்கப்படுகிறது என்பதைக் கூத்து அஞ்சாமல் காட்டுகிறது. அம்மன் திரௌபதியாகவே வீற்றிருக்கும் ஊரில் அவளுக்கு இழைத்த இழிவை மறைக்க வழியும் இல்லை. முந்தைய இரவுகளில் துகிலுரிதல் ஆடப்பட்டிருக்கும், படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் கிடப்பான், அவன் குருதியைப் பூசி அவள் கூந்தலை முடிப்பாள். கர்ணனுக்காகக் கண்ணீர் விடும் ஊரே திரௌபதியின் சபதம் முடியக் காத்திருக்கிறது. இரண்டையும் ஒருசேரத் தாங்கும் அந்த அவையின் மனவலிமை, பின்னாளில் எழுந்த அச்சிலக்கியத்துக்கும் திரைக்கும் எளிதில் கைவரவில்லை.

அருச்சுனனும் நாட்டார் மரபில் வேறு முகம் கொள்கிறான். புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் ‘அல்லி அரசாணி மாலை’யில் மதுரையை ஆளும் அல்லி, ஆண்வாடை வேண்டாதவள், அவளை அவன் வில்லால் வெல்வதில்லை, பாம்பாக உருமாறிப் பள்ளியறை புகுந்து, உறக்கத்தில் தாலி கட்டுகிறான். இதைக் கேட்போர் வியந்து மகிழ்ந்திருக்கலாம். ஆனால் வெற்றி என்ற சொல்லுக்குள் என்னவெல்லாம் ஒளிந்திருக்கிறது என்பதை இக்கதை தன்னையறியாமல் சொல்லிவிடுகிறது. களப்பலியாகும் அவன் மகன் அரவானோ கூவாகத்தில் திருநங்கையரின் கணவனாக ஆண்டுதோறும் தாலி கட்டி, மறுநாள் பலியாகிறான். பேடியாக வாழ்ந்த தந்தையின் ஓராண்டையும் மகனின் இந்த ஓரிரவையும் சேர்த்து நோக்கும் ஆய்வு இன்னும் விரிவாக நடக்க வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டு கர்ணனை மீண்டும் கண்டெடுத்தது. 1900-இல் தாகூர் எழுதிய கர்ணன் – குந்தி உரையாடல் தாயின் குற்றவுணர்வை மையமாக்கி, தோற்கும் பக்கத்திலேயே நிற்கத் துணியும் மகனைக் காட்டியது. சாதியத்துக்கு எதிரான சினம் 1952-இல் தினகரின் இந்திக் காவியமான ‘ரஷ்மிரதி’யில் கர்ணனின் குரலாக ஒலித்தது. 1967-இல் வந்த சிவாஜி சாவந்தின் மராத்தி நாவல் ‘மிருத்யுஞ்ஜய்’, கர்ணன், குந்தி, விருஷாலி, துரியோதனன், சோணன், கிருஷ்ணன் ஆகியோர் தத்தம் வாயால் சொல்வதாக அமைந்து, பல மொழிகளில் பெரும் வாசகரைப் பெற்றது. இந்தியா முழுவதும் இன்று நிலவும் மாசற்ற கர்ணன் என்ற படிமத்துக்கு அதன் பங்கு பெரிது. அதே காலத்தில் அதே மொழியில் ஐராவதி கார்வே ‘யுகாந்தா’வில் கர்ணனின் வீரத்தையும் நட்பையும் மூலத்தின் துணைகொண்டு கண்டிப்புடன் எடைபோட்டார் என்பது ஆறுதல் தரும் செய்தி. தமிழில் பாரதி 1912-இலேயே ‘பாஞ்சாலி சபத’த்தின் முதற்பகுதியை வெளியிட்டிருந்தார், அவர் மறைவுக்குப் பின் வந்த இரண்டாம் பகுதியில் விகர்ணனை அடக்கி ஆடை களையச் சொல்லும் கர்ணன் எவ்விதப் பூச்சும் இன்றி நிற்கிறான். நாட்டின் அவமானத்தைத் திரௌபதியில் கண்ட கவிஞருக்குக் கொடைவள்ளல் என்ற பட்டம் அந்த இடத்தில் கண்ணை மறைக்கவில்லை.

பி. கே. பாலகிருஷ்ணனின் மலையாள நாவல் ‘இனி ஞான் உறங்கட்டே’ (1973) இவ்வரிசையில் உயர்ந்த இடத்துக்குரியது. போர் முடிந்தபின், கர்ணன் யார் என்பதை அறிந்த திரௌபதியின் நெஞ்சில் நடக்கும் விசாரணையாக அது அவன் கதையைச் சொல்கிறது. குற்றம் சாட்ட முழு உரிமை உடையவளே தீர்ப்பாளியாகவும் அமர்வதால், இரக்கம் குற்றத்தை அழிக்காமல் அதனருகில் இடம்பெறுகிறது. எஸ். எல். பைரப்பாவின் ‘பர்வா’ (1979) தெய்வங்களை நீக்கிப் போரை உடல்களின் களைப்பாகக் காட்டியது, எம். டி. வாசுதேவன் நாயரின் ‘ரண்டாமூழம்’ (1984) பீமனின் பார்வையிலிருந்து வீரத்தின் கூலி என்ன என்று கேட்டது. 2014 முதல் 2020 வரை 26 நாவல்களாக விரிந்த ஜெயமோகனின் ‘வெண்முரசு’, ‘வெய்யோன்’ என்ற நாவலில் அங்க மன்னனின் இல்லத்துக்குள் நுழைந்து, சூதப்பெண்ணான மனைவிக்கும் கலிங்க இளவரசியான மனைவிக்கும் நடுவில் அவனை நிறுத்துகிறது. பொன்னுருவியின் தர்க்கம் நவீன உரைநடையில் மறுபிறவி எடுத்திருப்பதை அங்குக் காணலாம்.

தமிழரின் பொதுமனத்தில் கர்ணன் என்றதும் எழும் உருவமோ 1964-இல் பி. ஆர். பந்துலு இயக்கிய திரைப்படத்தின் சிவாஜி கணேசனுடையது. என். டி. ராமாராவ் கண்ணனாகவும், முத்துராமன் அருச்சுனனாகவும், அசோகன் துரியோதனனாகவும் நடித்த அப்படம், வில்லியின் கொடைவீரனை அழவும் கம்பீரமாக நிற்கவும் தெரிந்த பேராண்மையாக ஆக்கியது. 2012-இல் புதுப்பிக்கப்பட்டு வெளியானபோதும் அரங்குகள் நிறைந்தன. கர்ணன் அழுவதைக் கண்டு ஆண்கள் அழுதார்கள் என்பது அதன் பெருமை. திரௌபதியின் அவமானம் படத்தின் மையத்துக்கு வருவதே இல்லை என்பது அதன் குறை. 1977-இல் ராமாராவே இயக்கி, கிருஷ்ணன், துரியோதனன், கர்ணன் என மூன்று வேடங்களையும் ஏற்ற தெலுங்குப் படமான ‘தான வீர சூர கர்ணா’ துரியோதனனின் மறுப்புரையையும் வீரக் கொண்டாட்டத்தின் பகுதியாக்கியது. மணிரத்னத்தின் ‘தளபதி’ (1991) பகையை இக்காலத்துக்கு மாற்றி, கர்ணனின் இடத்தில் நிற்கும் சூர்யாவையும் மாவட்ட ஆட்சியர் அர்ச்சுனையும் சண்டையின்றியே சகோதரராக்கியது. தான் கொன்றவனின் மனைவியையும் குழந்தையையும் சூர்யா ஏற்றுக்கொள்ளும் பகுதி, கர்ணன் ஒரு பெண்ணுக்குச் செய்த தீங்குக்குத் தானே பொறுப்பேற்றால் எப்படியிருக்கும் என்ற வினாவுக்குத் திரை அளித்த அரிய விடை.

மாரி செல்வராஜின் ‘கர்ணன்’ (2021) பலகையையே புரட்டிப் போட்டது. பேருந்து நிற்காத பொடியங்குளத்தில் நாயகன் கர்ணன், ஊர்ப்பெரியவர் துரியோதனன், நாயகி திரௌபதி, ஊரை நொறுக்கும் காவல் அதிகாரி கண்ணபிரான். வீழ்த்தப்பட்டோரின் பெயர்கள் ஓர் ஊராகத் திரள, வென்றவனின் பெயர் அரசின் தடியைப் பிடிக்கிறது. அருச்சுனன் என்ற தனிப் போட்டியாளனுக்கு அங்கு இடமே இல்லை. பிற்கால மரபில் சுயம்வர இலக்கான மீனை வீழ்த்தியவன் அருச்சுனன். இப்படத்திலோ பாய்ந்து வாளால் மீனை இரண்டாக்கி ஊரின் வாளைப் பெறுபவன் கர்ணன். 1995-இல் கொடியங்குளத்தில் நடந்த காவல்துறை வன்முறையின் நினைவைச் சுமந்த கதையில், குலம் கேட்ட கிருபரின் வினா அதிகாரியின் வாயில் திரும்பி வருகிறது. திரௌபதியை மறுதரப்பில் நிறுத்தாமல் கர்ணனின் காதலியாக்கியதால் மண்டபத்தின் கணக்கு இங்குத் தீர்க்கப்படாமல், எழாமலேயே போகிறது. சாதி இழிவுக்கு எதிராக இவ்வளவு வலிமையோடு பேசிய படைப்பும் அந்தக் கணக்கைத் திறக்காதது, இரண்டு அநீதிகளை ஒரே கதையில் ஏந்துவது எத்துணைக் கடினம் என்பதற்குச் சான்று.

மூல நூலுக்கு அந்தத் துணிவு கடைசிவரை இருந்தது. மௌசல பருவத்தில் கிருஷ்ணன் மறைந்தபின் துவாரகையின் மகளிரை அழைத்துச் செல்லும் அருச்சுனனை, தடிகளோடு வந்த ஆபீரர் மறிக்கிறார்கள். காண்டீவத்துக்கு நாணேற்றவே அவன் திணறுகிறான், அத்திரங்கள் நினைவுக்கு வரவில்லை, பெண்கள் அவன் கண்ணெதிரே கவரப்படுகிறார்கள், சிலர் தாமாகவே போய்விடுகிறார்கள். மறந்துபோன வித்தையோடு களத்தில் நின்ற கர்ணனின் நிலை வென்றவனுக்கும் வந்து சேர்கிறது. இறுதிப் பயணத்தில் அவன் விழும்போது தருமன் சொல்லும் காரணமும் வீரச் செருக்கே: ஒரே நாளில் பகைவர் அனைவரையும் அழிப்பேன் என்று பேசியவன் அவன்.

ஜைமினி பாரத மரபு இதற்கும் அப்பால் ஒன்றைச் சொல்கிறது; கன்னடத்தில் லட்சுமீசன் பாடிப் பரவலாக்கிய அக்கதையில், கர்ணனின் எஞ்சிய மகன் விருஷகேது பாண்டவரிடம் வளர்ந்து, அசுவமேதக் குதிரையின் பின்னே அருச்சுனனோடு போகிறான். கர்ண பருவத்தில் கர்ணன் கண்ணெதிரே அவன் மகன் விருஷசேனனைக் கொன்ற அதே கை, இன்னொரு மகனுக்கு வில்வித்தையின் துணையாகிறது. மணலூரில் அருச்சுனனின் மகன் பப்ருவாகனனை எதிர்க்கையில் விருஷகேதுவும் அருச்சுனனும் ஒரே களத்தில் வீழ்ந்து, ஒருங்கே உயிர்பெறுகிறார்கள். தந்தையைக் கொன்றவனுக்கும் அவனால் தந்தையை இழந்தவனுக்கும் நடுவே நடந்திருக்கக்கூடிய உரையாடலைக் கர்ணனுக்காக இத்தனை நூல்கள் எழுதிய நவீன இந்திய இலக்கியம் ஏறக்குறையத் தொடாமலே விட்டிருக்கிறது. பகையின் வழியே மட்டும் வீரத்தைக் காணப் பழகிய பார்வைக்கு, தம்பியின் வளர்ப்பில் இருக்கும் அண்ணன் மகன் கதையாகத் தெரியவில்லை.